சுவரில் வைத்த பெருங்காயம்

பாலாறு வெறும் மணலாக ஓடுகிற அந்தப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அவற்றுக்குத் தோல் வெட்டவும் அட்டை ஒட்டவும் மிஷின் மிதிக்கவும் நாலா திசைக் கிராமங்களிலிருந்தும் இளசுகள் வந்து, வந்த இடத்திலேயே ஒருவரையொருவர் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் எபனேசர் நகர் என்று பெயர் வைத்துக் குடியேறி, வீட்டுக்கு வீடு தொட்டில் கட்டிய காலத்தில், அந்த நகரின் லுத்தரன் பள்ளிக்கூடம் ஒரு கோடை விடுமுறையில் தானாகவே ஓர் அறை வளர்ந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அதை முதலில் கண்டவள் தெபோராள் டீச்சர். அப்போது அந்தப் பள்ளிக்கு அவள்தான் பெரிய டீச்சர், அவள்தான் சின்ன டீச்சர், மணியடிக்கிறவளும் அவள்தான். சபையார் செங்கல் அறுத்துக் கட்டிக்கொடுத்த ஒற்றை அறையின் பூட்டைத் திறக்கப் போனவள், கிழக்குச் சுவரை ஒட்டி இன்னொரு அறை நிற்பதைப் பார்த்தாள். கொத்தனார் கை பட்ட அறை இல்லை அது. அப்போதுதான் ஈன்ற கன்றுக்குட்டி மாதிரி சுவரெல்லாம் ஈரமாக, மாந்தளிர் நிறத்தில், மேலே ஓடுகள் மீன் செதிலாகப் படிந்து, இன்னும் கறுக்காத கரும்பலகை இளம்பச்சையாக, சன்னல் கம்பிகள் கீரைத்தண்டு போல வளைந்துகொடுத்துக்கொண்டு நின்றது. தெபோராள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது. இடம் போதவில்லை, இடம் போதவில்லை என்று சபையில் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருந்தவள், "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனாள்.

மகன் ஜாவித்தை முதல் வகுப்பில் சேர்க்க வந்த ஷம்ஷாத், ஷூ கம்பெனியில் பசை தடவுகிறவள், தலையைச் சாய்த்து அந்த அறையைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ரூம் ஒண்ணு ஜாஸ்தியா கீது?"

"வளர்ந்திருக்கும்மா."

"வளராம இன்னா பண்ணும்? புள்ளைங்க வளருது, அதுங்களுக்குச் சட்டை பத்தாம போவுது. பள்ளிக்கூடம் மட்டும் அப்படியே குந்திக்கினு இருக்குமா?" என்று சொல்லி, முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் ஓடிப்போனாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் நிற்கவில்லை. ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வாரமே பள்ளிச் சுவரில் எங்காவது முகப்பரு போல ஒரு மொட்டு எழும்பும். பிள்ளை குப்புற விழும்போது மொட்டு தரை பாவும், தவழும்போது சுவர் எழும்பும், எட்டு வைக்கும்போது வாசல் திறக்கும், பால்பல் விழுகிற வயசில் சன்னல் விரியும். கரண்டு வேலை செய்கிறவர், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சுவரைச் சுண்டிப் பார்த்து, முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகே துளை போட்டார். பக்கத்தில் வீடு கட்டியவர்கள் வளர்ச்சிக்கென்று ஒரு சந்து விட்டுக் கட்டினார்கள். விடாதவர் ஒருவருடைய கொல்லைப்புறத்தில் ஐந்தாம் வகுப்பின் மூலை வந்து எட்டிப் பார்த்தபோது, அவர் சண்டைக்குப் போகாமல் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டார். டீக்கடை நகர்ந்து நகர்ந்து ஆற்றங்கரைக்கே போய்விட்டது. விருந்தாளிக்கு வழி சொல்கிறவர்கள், "பள்ளிக்கூடத்தாண்ட வந்து, அது இப்ப எங்க முடியுதோ அங்க ரைட்ல திரும்புங்க" என்றார்கள். கட்டட அனுமதி கேட்டு வந்த அதிகாரி டேப் பிடித்து முடிப்பதற்குள் தாழ்வாரம் ஒரு சாண் நீண்டுவிட, மறுபடி பிடிக்க, மறுபடி நீள, டேப்பைச் சுருட்டிக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "இது நின்ன பிறகு சொல்லியனுப்புங்க" என்று போய்விட்டார். போதகர் சற்குணம் அறுப்பின் பண்டிகையில், ஆராதனையில் வைத்த பூசணிக்கும் கரும்புக்கும் நன்றி சொல்லும்போது அந்த வருஷம் முளைத்த அறைகளுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். யாரும் அதை அதிசயம் என்று பேசவில்லை. மழை பெய்யாவிட்டால்தான் பேச்சு. பெய்தால் குடையைத் தேட வேண்டியதுதானே.

தெபோராளுக்கு மட்டும் நடக்கும்போது தோள் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தன் கையால் சோறு ஊட்டிய பிள்ளை ஊரில் பெயர் எடுத்தால் தாய்க்கு எப்படியோ அப்படி. முதல் அறை அவளுடையது, முதல் மணி அவள் அடித்தது. இத்தனையும் தன்னிலிருந்து புறப்பட்டது என்று அவள் யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தாள், பெர்சியாள் வந்து சேருகிற வரைக்கும்.

பெர்சியாள் குடியாத்தத்துக்காரி. பயிற்சி முடித்த சூடு ஆறாத பெண். செருப்பு டப்டப்பென்று சத்தம்போட நடப்பாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டே பாடுவாள், தப்பாக எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு முன்பாகவே கையைக் கொட்டிச் சிரிப்பாள். அவளுக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்து, கிழக்கே முளைத்த அறையில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் அவள் பக்கமாகவே வளரத் தொடங்கியது.

முதலில் தற்செயல் என்றுதான் தெபோராள் நினைத்தாள். பெர்சியாளின் அறையில் ஏலகிரி மலை தெரிகிற மாதிரி ஒரு சன்னல் விரிந்தது. தெபோராளின் சன்னலில் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை. பெர்சியாளின் அறைக்கு வெயில் படாத மேற்கூரை நீண்டது. தெபோராளின் அறையில் ஆவணி மழை எப்போதும் ஒழுகுகிற இடத்திலேயே ஒழுகியது. ஒவ்வொரு வாரமும் அவள் தன் சுவரைத் தடவிப் பார்ப்பாள். சில்லென்று, செங்கல் செங்கலாகவே இருக்கும். இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒருநாள் காலை, சாக்பீஸ் கேட்கப் பக்கத்து அறைக்குப் போனவள், சுவரில் பெர்சியாளின் தோளுயரத்துக்குச் சரியாக, ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைப்பது போல ஒரு முளை முளைத்திருப்பதையும், அதில் பெர்சியாளின் கைப்பை தொங்குவதையும் கண்டாள்.

"என்ன டீச்சர் இது?"

"தெரியல டீச்சர், இன்னைக்குக் காலைல வந்து பாத்தேன், இருக்கு. பையைத் தரையில வெச்சு வெச்சு அழுக்காகுதுன்னு நேத்து பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். அதுக்குக் கேட்டுடுச்சு போல" என்று பெர்சியாள் சிரித்தாள்.

தெபோராள் தலைமுடி நரைக்கத் தொடங்கும் மட்டும் அந்தப் பள்ளியில் இருந்திருக்கிறாள். அத்தனை வருஷமும் தன் பையைச் சன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறாள். காற்றடித்தால் விழும், எடுத்துத் தட்டி மறுபடி மாட்டுவாள். அதை ஒரு சுவரும் கேட்டதில்லை. சாக்பீஸ் வாங்காமலே திரும்பினாள். அடிவயிற்றில் அடுப்புக்கரி ஒன்று வந்து உட்கார்ந்து, ஊதாமலே கனன்றது.

தோல் வெட்டும் பிரிவில் மேஸ்திரியாக இருந்த அவள் கணவன் ஞானமுத்து, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"குழம்புல உப்பு இல்ல தெபோரா. யார் மேல கோபம்?"

"ஏங்க, ஒரு கட்டடத்துக்கு நன்றி இருக்குமா, இருக்காதா?"

"கட்டடத்துக்கா?"

"நான் கூட்டிப் பெருக்கி, கோலமாவால கரும்பலகைக்குக் கோடு போட்டு வளர்த்தேன். நேத்து வந்தவளுக்கு ஆணி முளைக்குது."

ஞானமுத்து சிரிக்கப்போனான். அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பை ஒரு வாய்ச் சோற்றோடு விழுங்கிவிட்டான்.

போதகரிடமும் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மரத்துல கிளைதான் வளரும் டீச்சர், பூ பூக்கும். நீங்க வேர். வேர் இருந்த இடத்துலதான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்.

"வேரா இருக்க யாருக்கு ஐயா ஆசை? வெளிச்சம் படுமா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பிறகு அவளும் முயன்று பார்த்தாள். வகுப்பில் பாட்டு எடுத்தாள். பிள்ளைகள் பயந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுச் சிரித்துப் பார்த்தாள்; ஒரு பிள்ளை அழுதுவிட்டது. பள்ளி விட்ட பிறகு யாரும் இல்லாதபோது சுவரில் கன்னத்தை வைத்து, "எனக்கு என்னடா குறை?" என்று கேட்டாள். செங்கல் பேசவில்லை. அந்த மாதம் ஞானோபதேச வகுப்பில், பிறன் வீட்டின்மேல் ஆசை வைக்கக்கூடாது என்கிற கட்டளைக்கு அர்த்தம் என்ன என்று பிள்ளைகளைக் கேட்டபோது, ஒரு பெண் எழுந்து நன்றாகவே சொன்னாள். தெபோராள் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நெடுநேரம் சன்னல் வழியாக மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்தபோது பெர்சியாளின் அறைக்கு அப்பால், யாரும் அதுவரை பார்த்திராத பெரிய மொட்டு ஒன்று எழும்பியது. வண்டிமாடு படுத்திருப்பது போல் அவ்வளவு பெரிசு. அதே வாரத்தில்தான் ஷம்ஷாத்துக்குப் பெண்குழந்தை பிறந்து ஜீனத் என்று பெயர் வைத்தார்கள். மொட்டைச் சுற்றிக் கூடியவர்கள், இது அறை இல்லை, மண்டபம், பெர்சியாள் டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மேடையோடு வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். தெபோராளும் கூட்டத்தில் நின்று தலையாட்டினாள்.

குருத்தோலை ஞாயிறன்று எபனேசர் நகரே ஓலை பிடித்து ஆற்றுமணலுக்கு ஊர்வலம் போனது. தலைவலி என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்ட தெபோராள், தான் பிறந்த ஊரில் வேண்டாத மரத்தைப் பட்டுப்போகச் செய்ய என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். உச்சி வெயிலில் பள்ளிக்கு நடந்து, பெர்சியாளின் சுவரும் மொட்டும் சேருகிற இடத்தில் உளியால் துளை போட்டு, கட்டிப் பெருங்காயத்தை உள்ளே திணித்து, சுண்ணாம்பை அப்பி மூடினாள். துளையிலிருந்து பால் போல ஏதோ கசிந்து விரலில் ஒட்டியது. ஆற்றிலிருந்து ஓசன்னா, ஓசன்னா என்று பிள்ளைகளின் குரல் காற்றில் வந்துகொண்டிருந்தது. அதிலும் பெர்சியாளின் குரல்தான் தூக்கலாகக் கேட்டது.

சாயங்காலம் ஞானமுத்து அவள் கையைப் பிடித்து முகர்ந்தான். "தலைவலிக்காரி ரசம் வெச்சியா?"

"வெச்சேன்" என்றாள். அதற்காகவே எழுந்துபோய் ரசம் வைத்தாள்.

ஈஸ்டருக்குள் மொட்டு சுருங்கிச் சாம்பல் நிறமானது. பெர்சியாளின் சுவரில் இருந்த முளை வாடித் தலைகுனிய, பை கீழே விழுந்தது. பெர்சியாள் அதை எடுத்துத் தட்டுவதைத் தெபோராள் வாசலில் நின்று கண்குளிரப் பார்த்தாள். அன்றைக்குத்தான் வெகுகாலத்துக்குப் பிறகு அவள் வீட்டில் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

பள்ளிக்கூடம் வளராமல் நின்றுவிட்டதையும் எபனேசர் நகர் அதன் போக்கில் ஏற்றுக்கொண்டது. வளர்ந்தது நிற்காமலா இருக்கும் என்றார்கள். டீக்கடைக்காரர் நிம்மதியாகச் சிமெண்டுத் தரை போட்டார். ஆனால் கோடை முடிந்து ஜூன் வந்தபோது, வளரட்டும் என்று போன வருஷம் தொளதொளவென்று தைத்த சீருடை பிள்ளைகளுக்கு இன்னும் தொளதொளவென்றே இருந்தது. ஆடிய பல் ஆடிக்கொண்டே இருந்ததே தவிர விழவில்லை. எழுந்து நிற்கப்போன குழந்தைகள் கட்டில் காலைப் பிடித்தபடி, நிற்கவுமில்லை உட்காரவுமில்லை. பாடற்குழுவில் குரல் உடைந்த பையன்கள் உடைந்த குரலிலேயே நின்றுவிட, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தகரக்கொட்டகையில் ஆலங்கட்டி விழுவது போலிருந்தது. தையற்காரர் மிஷினுக்குத் துணி போட்டு மூடினார். ஆஸ்பத்திரியில் டானிக் கொடுத்தார்கள். சிலர் தர்காவுக்குப் போய்ப் பாத்தியா ஓதினார்கள், சிலர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். எதற்கும் ஒரு விரற்கடை வளர்த்தி இல்லை. ஓர் இளம் தம்பதி, இந்த மண் ஆகாது என்று வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் இன்னொரு வீடு பூட்டியது.

ஒருநாள் மாலை பள்ளி விடுகிற நேரத்தில் ஷம்ஷாத், ஜீனத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெபோராளின் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பாருங்க டீச்சரம்மா. பொறந்த அன்னிக்கி எப்படியோ அப்படியே கீது. கை வெரலு பிரியல. தலை நிக்கல. ராத்திரியா பகலான்னு தெரியாம அழுவுது, குடிக்குது, தூங்குது. நான் கண்ண மூடி எம்மா நாளாவுது தெரியுமா?"

தெபோராள் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சின்னதாவே இருந்தா நல்லதுதானேன்னு எங்க நாத்தனாரு சொல்லுது. நல்லாத்தான் கீது. ஆனா எம்மூஞ்சிய அது பாக்கவே இல்ல டீச்சரம்மா. இந்தப் பக்கம் திருப்புனா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புனா அந்தப் பக்கம். நாந்தான் அம்மான்னு அதுக்கு ஒரு நாளாவது தெரியணும் இல்ல?" குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் புது டீச்சர் ராசிதான் இப்படின்னு சொல்லிக்கிறாங்களே, நெசமா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தெபோராளின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் சொல்லாத பதிலை ஷம்ஷாத் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பெரிய டீச்சரே இல்லையென்று சொல்லவில்லையாம் என்று பேச்சு தெருத்தெருவாகப் போனது. அந்த வாரமே சபைக் கமிட்டி கூடி, பெர்சியாளைக் குடியாத்தத்துக்கே திருப்பியனுப்புவது, பள்ளி முழுவதையும் தெபோராள் பொறுப்பில் விடுவது என்று முடிவெடுத்தது. போதகர் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. கேட்டபோது தெபோராளுக்கு இனித்தது. வாய்க்குள் வெல்லக்கட்டி வைத்தது போல உண்மையாகவே இனித்தது. அந்த இனிப்போடுதான், புறப்படுகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

பெர்சியாள் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்களைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"வாங்க டீச்சர். என்னமோ என் நேரம். பிள்ளைங்களுக்கு என்னால ஒண்ணும் ஆயிடக்கூடாது, அதான் நானே சரின்னுட்டேன்."

"மனசுல வெச்சுக்காதே" என்றாள் தெபோராள்.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்? இனிமே சொன்னா என்ன. வந்த நாள்ல இருந்து உங்க மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை." பெர்சியாள் நூலைப் பல்லால் கடித்தாள். "எங்கிட்ட வர்ற பிள்ளைங்க எல்லாம் எழுதப் படிக்கத் தெரிஞ்சு வருதுங்க. கை பிடிச்சு முதல் எழுத்து எழுதவெச்சது நீங்க. சிலேட்ல ஒரு எழுத்து முதல்தடவை சரியா வந்ததும் ஒரு பிள்ளை மூஞ்சி எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்ல டீச்சர். இடைவேளையில உங்க சன்னல்கிட்ட வந்து நின்னு பாப்பேன். நீங்க பிள்ளைங்களைப் பார்த்துட்டிருப்பீங்க, என்னைப் பார்க்க மாட்டீங்க."

தெபோராளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தன் வயிற்றெரிச்சலைக்கூட இவள் பங்கு போட்டுக்கொள்ள வந்துவிட்டாளே என்றுகூடத் தோன்றியது. மலை தெரிகிற சன்னலை வைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைச் சன்னலில் வந்து நின்றிருக்கிறாள் இவள். நின்றபடியே பெர்சியாளின் குனிந்த கழுத்தைப் பார்த்தாள். வாய்க்குள் இருந்த இனிப்பு காறியது. பேசாமல் வெளியே போனாள். தோட்டத்தில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள்.

பள்ளி விட்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்தகப்பன்மார் வாசலில் நிறைந்திருந்த நேரம் அது. அத்தனை பேரும் பார்க்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெபோராள் டீச்சர் சுவரைக் குத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே இருந்து வெயிலில் பெருங்காய வாசனை எழும்பித் தெருவெல்லாம் பரவியது.

"இன்னா டீச்சர் இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள், நிறுத்தாமல் குத்திக்கொண்டே. "குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு. அந்தப் பொண்ணு பக்கமே வளருதேன்னு வயித்தெரிச்சல்ல வெச்சேன். அது ராசி இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷம்ஷாத் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், தெபோராளும் நினைத்துக் கன்னத்தைக் காட்டி நின்றாள். ஷம்ஷாத் ஜீனத்தை அவள் கையில் திணித்துவிட்டு, கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு தானே குத்த ஆரம்பித்தாள். பசை தடவித் தடவி உரம் ஏறிய கை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசை. துர்வாசனை அடிக்கிற அந்தக் கட்டி கல்லாக இறுகியிருந்தது. துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தார்கள். எடுத்த இடத்தில் சுவர் உள்ளே பட்டுப்போய், நரைத்து, எலும்பு போலிருந்தது. காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"செத்துடுச்சு" என்றார், சத்தம் கேட்டு வந்த போதகர்.

தெபோராள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் காயத்தைப் பார்த்தாள். பிறகு, சேதி கேட்டு வந்திருந்த கணவனைத் தேடினாள். "ஏங்க, பட்டுப்போன கிளைக்கு ஒட்டுக் கட்டலாம் இல்ல?"

"உசுருள்ள மரத்துல இருந்து எடுத்துக் கட்டணும். இங்க எல்லாம் ஒரே மரம். எல்லாமேதான் காஞ்சு கிடக்கு" என்றான் ஞானமுத்து.

"என் ரூம் முளைச்சது இல்லியே. கட்டினது. பெருங்காயம் அதுல ஏறியிருக்காது." தன் அறையைக் காட்டினாள். "இதெல்லாம் அதுல இருந்துதானே முளைச்சுது. என் சுவரை எடுங்க."

எடுத்தார்கள். தெபோராளின் அறைக்கும் பெர்சியாளின் அறைக்கும் நடுவில் இருந்த கிழக்குச் சுவரை, அத்தனை வருஷம் அவள் தடவித் தடவி வழவழப்பாக்கியிருந்த செங்கற்களை, ஒவ்வொன்றாகப் பெயர்த்து, காயத்தில் அடுக்கி, செம்மண்ணும் சாணியும் குழைத்து அப்பி, ஈரச்சாக்கு சுற்றிக் கட்டினார்கள். பெர்சியாள் மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தாள். அவள் தெபோராளிடம் எதுவும் பேசவில்லை. பேசாமலேதான் ஆடி முழுக்க இருந்தாள்.

ஷம்ஷாத் போகும்போது குழந்தையை வெடுக்கென்று திரும்ப வாங்கினாள். "நான் கம்பெனிக்குப் போற நேரமெல்லாம் இது உங்க மடியிலதான். அழுதா நீங்கதான் பாக்கணும், பேண்டா நீங்கதான் அள்ளணும். என்னிக்கி வளருதோ அன்னிக்கி எறக்கி வுடுங்க" என்றாள். அதை மன்னிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே பால் புட்டியோடு குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எபனேசர் நகர் அதையும் ஏற்றுக்கொண்டது. சிலர் தெபோராளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். சிலர், பொறாமை யாருக்குத்தான் இல்லை, நமக்கெல்லாம் சுவர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். பெருங்காயம் வாங்கப் போனால் கடைக்காரர், "சமையலுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிற வழக்கம் வந்தது. கம்பெனிக்குப் போகிறவர்கள் போகிற வழியில் சாக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள். அப்படியாக ஆடி போய், ஆவணியின் முதல் மழையில் ஞானமுத்து சாக்கைப் பிரித்துப் பார்த்தபோது, செங்கலுக்கும் சுவருக்கும் நடுவே, நகக்கண் அளவுக்கு, மாந்தளிர் நிறம் ஓடியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் ஜாவித்தின் ஆடிக்கொண்டிருந்த கடைசிப் பால்பல் சோற்றில் விழுந்தது. அவன் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பள்ளி முழுவதும் ஓடினான்.

நடுச்சுவர் இல்லாமல் இரண்டு வகுப்பும் ஒரே கூடமாகிவிட்டதால், தெபோராள் ஒரு கையில் ஜீனத்தை அணைத்து, மறுகையால் சிலேட்டுப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதவைக்கும்போதெல்லாம், நிமிர்ந்தால் பெர்சியாள்தான் கண்ணில் பட்டாள். பெர்சியாளும் பாடத்தை நடுவில் விட்டுவிட்டு, முதல் எழுத்து எழுதுகிற பிள்ளைகளைப் பார்க்க வந்துவிடுவாள். ஒருநாள் கேட்காமலே ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவும் வைத்தாள். தெபோராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வளைவைக் கீழே இருந்து கொண்டுபோகணும்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவர்கள் மறுபடி பேசிக்கொண்ட முதல் வார்த்தை.

புரட்டாசியில் ஒருநாள், ஷம்ஷாத் சாப்பாட்டு வேளைக்குக் கம்பெனியிலிருந்து வந்து, வாசலில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். ஜீனத் தெபோராளின் மடியில் கிடந்தது. அத்தனை மாதமும் மூடியே இருந்த விரல்கள் முந்தின இரவுதான் பிரிந்திருந்தன. பெர்சியாள் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் கத்த, கையைக் கொட்டிச் சிரித்தாள். ஜீனத்தின் தலை சத்தம் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது. கண் அலைந்து, தேடி, ஒரு முகத்தில் நின்றது. பிறகு, பொக்கை வாய் ஒரு பக்கமாகக் கோணி, விரிந்து, அந்தக் குழந்தை தன் வாழ்நாளில் முதல்முறையாகச் சிரித்தது, பெர்சியாளைப் பார்த்து.

தெபோராளின் அடிவயிற்றில் அந்தப் பழைய கரி அப்படியே கனன்றது. மடியில் வைத்துக் காத்தவள் நான், மலம் அள்ளியவள் நான், என்று உள்ளே ஒரு குரல் அலறியது. குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்ப விரல்கள் எழுந்தன. எழுந்த விரல்களை அவள் குழந்தையின் கக்கத்தில் கொடுத்தாள்.

"ஷம்ஷாத், ஓடியா, ஓடியா! சிரிக்குது!" என்று கத்திக்கொண்டே எழுந்து நின்று, குழந்தையைத் தன் தலைக்கு மேல், எல்லாப் பிள்ளைகளின் தலைக்கும் மேல், பெர்சியாள் நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். அங்கிருந்து அவளுக்குக் குழந்தையின் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கை கடுத்தது. ஈரக் கையோடு ஓடிவந்த தாய், பெர்சியாளின் பக்கத்தில் போய் நிற்க, அவள்மேல் குழந்தையின் கண் விழுகிறவரைக்கும் தெபோராள் கையை இறக்கவில்லை.